கேமரா பொய் சொல்லாது என்றேன்

கோவிலம்பாக்கத்தில் நாங்கள் கேமரா மாட்டிய வாரத்திலேயே நான் ஒரு மனிதரின் செவிப்பறையைக் கிழித்தேன். அலுவலக அறிக்கையில் அது ‘களத்தில் சிறு சலசலப்பு’ என்று இருக்கிறது.

நெரிசல் நேரத்தில் அந்தச் சாலைக்கு வரும் வண்டிகளிடம் கட்டணம் வாங்கலாமா என்று பார்க்கும் முன்னோட்டம் அது. கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். எங்களிடம் எண்ணைப் பதிந்தவர்களின் கைப்பேசிக்குக் கட்டணம் எவ்வளவு என்று செய்தி போகும். உண்மையில் பணம் பிடிக்க மாட்டோம். அதைக் கடைசி வரியில், ஆங்கிலத்தில் போட்டிருந்தோம். மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுவது என் வேலை.

காலை ஒன்பது மணிக்கு ஒரு ஷேர் ஆட்டோக்காரர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வந்தார். மறுகையில் வீல் ஸ்பேனர். எங்கள் டெக்னீஷியன் ஏணி மேல் நின்று கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“வண்டி ரெண்டு நாளா ஷெட்ல கீது. இன்ஜினே கீழ எறக்கி வச்சிக்கீறாங்க. ரோட்ல போச்சுன்னு மெசேஜ் வருது. இன்னா மேடம் இது?”

நான் கைப்பேசியை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “கேமரா பொய் சொல்லாதுண்ணா,” என்றேன்.

“அப்போ நான் பொய்யி?”

ஸ்பேனரால் கம்பத்தில் ஓங்கி அடித்தார். இரண்டாவது அடியில் ஏணி சறுக்கியது. டெக்னீஷியன் முகம் குப்புற விழுந்தான்; எழுந்தபோது வாயெல்லாம் ரத்தம், முன்பல் ஒன்று இல்லை. என் கையில் ஸ்கூட்டர் ஹெல்மெட் இருந்தது. அதைச் சுழற்றி ஆட்டோக்காரரின் இடது காதில் அடித்தேன். முதல் அடி பயத்தில். அவர் மண்டியிட்ட பிறகு அதே இடத்தில் இன்னொரு முறை அடித்தேன். அது பயத்தில் அல்ல.

அதற்குள் சாலை அடைத்துவிட்டது. பின்னால் பைக்கில் நின்ற ஒருவர் இறங்கி வந்தார். விலக்கிவிடப் போகிறார் என்று நினைத்தேன். “ஆபீஸுக்கு லேட்டாவுதுடா” என்று கீழே கிடந்தவரின் விலாவில் உதைத்தார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் ஓடிவந்து அவர்களை அடித்தார்கள். யாரோ என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கம்பத்தில் மோதினார்கள். புருவத்தில் ஐந்து தையல். காவல் நிலையத்தில் இரு தரப்பிலும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

மறுநாள் தையலோடு உட்கார்ந்து, கேமரா எடுத்த அந்த வண்டியின் படத்தைத் திறந்தேன். சேறு படிந்த பிளேட். கடைசி எண் எட்டு. கேமரா மூன்று என்று படித்திருந்தது. மூன்றில் முடிவதுதான் ஆட்டோக்காரரின் எண்; படத்தில் இருந்தது அவர் வண்டியே அல்ல.

பெரும்பாக்கம் குடியிருப்பில் அவர் வீடு ஐந்தாம் மாடி. கதவைத் திறந்த மனைவி என் புருவத்தைப் பார்த்ததும் யாரென்று புரிந்துகொண்டார். உள்ளே அவர் காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். படத்தைக் காட்டி, “தப்பு எங்க மேலதான்,” என்றேன்.

“இத்தப் பாக்க எவ்ளோ நேரம் ஆச்சு?” என்று மனைவி கேட்டார்.

“ஒரு நிமிஷம்.”

“அந்த ஒரு நிமிஷம் அன்னிக்கு இல்ல. அடிக்க மட்டும் நேரம் இருந்துச்சாக்கா?”

ஆட்டோக்காரர் நல்ல காதை என் பக்கம் திருப்பினார். “மொதல்ல போட்டோவக் காட்டு. என் வண்டியா இல்லியான்னு நானே சொல்றேன். அப்பால துட்டு பத்திப் பேசு.”

அதைத்தான் அலுவலகத்தில் சொன்னேன். மேலாளர் மேசையைத் தட்டிக் கத்தினார், நானும் கத்தினேன். ஒரு மாதம் கழித்துச் செய்தி தமிழில் போனது. முதல் வரியில் ‘பணம் பிடிக்கப்படாது’, கீழே வண்டியின் படம், அதற்கும் கீழே ‘இது என் வண்டி இல்லை’ என்ற பொத்தான். அழுத்தினால் ஓர் ஆள் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

அந்தச் சாலை வழியாக வேலைக்குப் போகிறவர்கள் நிறைய இருக்கும் மாடம்பாக்கத்தில் கூட்டம் போட்டு இதை விளக்கினோம். ஒருவர் மைக்கைப் பிடுங்கி எறிந்தார். அது டெக்னீஷியனின் தோளில் பட்டது. அவன் எடுத்து மேசையில் வைத்தான். முன்வரிசைப் பெண் ஒருவர் தனக்கு வந்த தவறான செய்தியை அங்கேயே பொத்தானை அழுத்தி, எங்கள் ஆள் பார்த்து அதை நீக்கிய பதிலைக் காட்டிய பிறகு இரைச்சல் கொஞ்சம் அடங்கியது. ஆனாலும் கட்டணம் வேண்டாம் என்றுதான் நிறையப் பேர் எழுதிக் கொடுத்தார்கள்.

முன்னோட்டம் அத்தோடு நின்றது. ஆட்டோக்காரருக்குச் செவிப்பறை ஒட்டிவிட்டது. உள்ளே ஏதோ இரைந்துகொண்டே இருக்கிறது என்கிறார். மருத்துவமனைக்கு நான்தான் அழைத்துப் போகிறேன்.