மிதவையைத் தாண்டிய மாலை

செவிலிமேட்டிலிருந்து நானும் என் நாத்தனார் கலாவும் கோவளம் உப்பங்கழியில் இருவர் துடுப்புப் போடும் கயாக் படகு ஓட்டப் போயிருந்தோம். "சிவப்பு மிதவையைத் தாண்டிப் போவாதீங்கமா" என்று பயிற்சியாளர் சொல்லித்தான் அனுப்பினார். மாலை வெளிச்சத்தில் மயங்கிய நான், "இன்னும் கொஞ்சம் போலாம் கலா" என்றேன். மிதவையைத் தாண்டியதுமே, கழியிலிருந்து வடிகிற தண்ணீர் எங்கள் படகைக் கடல் பக்கம் இழுக்க ஆரம்பித்தது. பயத்தில் நான் துடுப்பைத் தாறுமாறாகப் போட்டேன்.

கலா குரலை உயர்த்தவே இல்லை. "நடுவுல வேணாம் அண்ணி. கரையோரம் தண்ணி மெதுவா ஓடுது பாருங்க. நான் எண்ணிக்கினே வரேன், கூடவே போடுங்க" என்றாள். முந்நூறைத் தாண்டி எண்ணினாள். கரை சேர்ந்தபோது அவள் உள்ளங்கைகளில் தோல் உரிந்திருந்தது. என்னை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை.

இப்போது எந்தத் தண்ணீரில் இறங்கினாலும், எங்கே திரும்ப வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். கலா "போதும் அண்ணி" என்றால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறேன்.