கோதுமை அரைக்காத மில்

சென்ற ஆண்டு தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். மில்லின் பக்கக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது மூட்டை நிறுக்கும் தராசு. அப்போதுதான் துடைத்திருந்தது, தட்டின் ஒரு மூலையில் ஈரம் இன்னும் காயவில்லை. துடைத்த துணி கைப்பிடியில் தொங்கியது. இரண்டடி தள்ளி, சுவரோரம் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். தலை சுவரில் சாய்ந்திருந்தது. வலது கையில் ஒரு பென்சில் துண்டு. கூப்பிட்டேன், பதில் இல்லை. ஆறரை மணிக்கு வந்த மருத்துவர், உயிர் பிரிந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்றார். அப்பாவுக்கு அறுபத்தாறு வயது.

அந்தக் காலை நேரத்தில் தராசை ஏன் துடைத்தார், கையில் பென்சில் எதற்கு என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முதலாண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் அது தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது வேடந்தாங்கலுக்குப் பக்கத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில். நான்கு பிள்ளைகளில் இரண்டாமவர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. செங்கல்பட்டில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். சில ஆண்டுகளில் இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொண்டார். அம்மாவை மணந்த பிறகு சதுரங்கப்பட்டினத்துக்கு வந்து, மூன்று இயந்திரங்களோடு சொந்தமாக மாவு மில் தொடங்கினார். முன்னால் மில், பின்னால் வீடு, நடுவில் ஒரே கதவு. மீனவர் வீடுகளிலிருந்து மிளகாயும் மஞ்சளும் வரும். அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் குடும்பங்களிலிருந்து கோதுமை வரும். கோதுமைதான் அதிகம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சலித்துக் கொடுப்பார்.

அப்பா டப்பாக்களில் பெயர் எழுதி வைத்ததில்லை; எது எந்த வீட்டு டப்பா என்று பார்த்தாலே தெரியும். மாவில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தால், இது பச்சரிசி, இது புழுங்கல், இதில் முந்தைய ஆளின் கேழ்வரகு கொஞ்சம் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் சொல்லித் தவறியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

தங்கை என்னைவிடப் பத்து வயது இளையவள். ஐந்து வயதில் அவளுக்கு வயிறு உப்பத் தொடங்கியது. கை கால் மெலிந்தன. ஒரு நாளைக்கு நான்கைந்து முறை வயிற்றுப்போக்கு. பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தோம், மந்திரித்துக் கயிறு கட்டிப் பார்த்தோம். ஏழு வயதில் அவள் எடை பதினைந்து கிலோ. செங்கல்பட்டில் ஒரு குழந்தை மருத்துவர் ரத்தப் பரிசோதனையும், பிறகு குழாய் விட்டுக் குடல் பரிசோதனையும் செய்து, சீலியாக் நோய் என்றார். கோதுமையில் இருக்கும் ஒரு புரதம் குடலின் உட்பக்கத்தைப் புண்ணாக்குகிறது; சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. மருந்து கிடையாது, வாழ்நாள் முழுவதும் கோதுமையை விடுவது ஒன்றுதான் வழி. இது குடும்பத்தில் மற்றவர்களுக்கும் இருக்கலாம், எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள் என்றும் சொன்னார்.

"கொஞ்சூண்டு கூடவா சார்?" என்று அப்பா கேட்டார்.

"துளி கூட வேண்டாம்," என்றார் மருத்துவர்.

பேருந்து நிறுத்தத்தில் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "நாம சோறு துன்ற ஜனம். சப்பாத்திய வுட்டா இன்னா ஆயிடப் போவுது?" ரத்தப் பரிசோதனையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

சப்பாத்தி நின்றது. ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்று தெரிந்து அவையும் நின்றன. பிஸ்கட் டப்பா வீட்டை விட்டுப் போனது. ஒவ்வொரு ஞாயிறும் காலையில் அப்பா தராசைத் துடைத்து, தங்கையை ஏற்றி நிறுத்தி, எடையைச் சுவரில் பென்சிலால் எழுதினார். மூன்று மாதம் கழித்துப் பதினைந்து கிலோ இருநூறு. ஆறு மாதம் கழித்துப் பதினைந்து கிலோ நூறு. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

அப்பாவுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு மாலை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவளின் பையை மில் வாசலில், வாடிக்கையாளர்கள் பார்க்கக் கொட்டித் தேடினார். புத்தகங்களும் ஒரு மிட்டாய்த் தாளும் விழுந்தன.

"யாராண்ட பிஸ்கட் வாங்கித் துன்ன? சொல்லு."

"நான் துன்னலப்பா."

"அப்ப எட ஏன் ஏறல?"

அந்த வாரம் முழுவதும் அப்பா அவளிடம் பேசவில்லை. அப்பாவைப் பற்றி நல்லதை மட்டும் எழுதும்படி உறவினர்கள் கேட்டார்கள். அதை அறிந்தேதான் இதையும் எழுதுகிறேன். அப்பாவே இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கோடை விடுமுறையில் தங்கை வேடந்தாங்கல் பக்கம் அத்தை வீட்டில் ஏழு வாரம் இருந்தாள். திரும்பி வந்த ஞாயிறு, தராசு பதினேழு கிலோ நானூறு காட்டியது. அப்பா அவளை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். அதே எடை. "அத்த இன்னா போட்டுச்சு ஒனக்கு?" என்றார். "சோறுதாம்பா," என்றாள். ஆறு வாரத்தில் எடை பதினாறுக்கு இறங்கியது. வயிறு மறுபடி உப்பியது.

ஒரு காலை, அப்பா பின்கட்டில் தண்ணீர் குடிக்கப் போனார். தங்கைக்கென்று தனியாக வைத்திருந்த பானையின் மூடியை எடுத்தபோது விரலில் ஏதோ வழுக்கியது. மூடியின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம். விரலை நாக்கில் வைத்தார். அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூடியைக் கையில் வைத்தபடியே அப்பா, "கோதும," என்றார் என்று அம்மா சொல்வார்.

பிறகு வீடு முழுவதும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். தட்டு அடுக்கியிருந்த பலகை, தங்கையின் பாய், அவளுடைய டம்ளர். ஒவ்வொரு முறையும் நாக்கில் வைத்தார். கடைசியில், மில்லிலிருந்து வந்ததும் அவளைத் தூக்கிக்கொள்ளும் தன் சட்டையை உதறிப் பார்த்தார். வீட்டுக்கு அரிசி மாவு அரைத்த இயந்திரமும் கோதுமை ஓடிய அதே இயந்திரம்தான்.

பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தங்கையைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். நானும் அங்கே இருந்தேன்.

"நீ துன்னல, பாப்பா. நான்தான் ஊட்டிக்கினு இருந்துகிறேன்."

அவளுக்குப் புரியவில்லை. "பையில ஒண்ணும் இல்லப்பா," என்றாள்.

அன்று மில் திறக்கவில்லை. இனி கோதுமை அரைப்பதில்லை என்று அப்பா சொன்னதும் அம்மாதான் முதலில் எதிர்த்தார். "கோதும வேணாம்னா அடுப்புல இன்னாத்த வெக்கிறது? பாதி ஜனம் அதுக்குத்தான் வருது."

"மொளகா கீது, அரிசி கீது, கேவுரு கீது. வெக்கலாம்."

கோதுமை இயந்திரத்தை விற்றார். மற்ற இரண்டையும் பிரித்துத் துலக்கினார். நடுக் கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தார். அன்று முதல் வீட்டுக்கு வர, மில்லுக்கு வெளியே குழாயடியில் குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு, சுற்றிக்கொண்டுதான் வருவார். பத்து நாளில் மில் வாசலில் பலகை மாட்டினார்: "இங்கே கோதுமை அரைப்பதில்லை." தள்ளிப் போட்ட ரத்தப் பரிசோதனையும் அந்த நாட்களில்தான் நடந்தது. எனக்கும் அப்பாவுக்கும் இல்லை. அம்மாவுக்கு இருந்தது. பல ஆண்டுகளாக ரத்தசோகை, எலும்பு வலி என்று அவர் மாத்திரை சாப்பிட்டதன் காரணம் அப்போது தெரிந்தது. அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் கதவ அடச்சிகிறேன்," என்றார்.

வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். மீன் வண்டி ஓட்டும் அவருடைய நண்பர் தினமும் வாசலில் நின்று கேலி செய்வார். "இன்னா அண்ணாத்த, கோதும அரைக்காத மாவு மில்லு, மீனு விக்காத மீன் மார்க்கெட்டு மாதிரி கீது."

"நீ இன்னிக்கு வித்தது நண்டு. அது மீனாடா?"

நண்பர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுப்பார். அந்த மூன்று நான்கு ஆண்டுகள் அப்பா பகலில் மில்லும், மாலையில் அதே நண்பரின் வண்டியில் லோடும் பார்த்தார். நான் கல்லூரிக்குப் போனது அந்த ஆண்டுகளில்தான். கஷ்டம் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதில்லை. சுவரில் எண்கள் ஏறின. பதினெட்டு. இருபது. இருபத்து மூன்று.

பிற்பாடு ஒரு பெண் செங்கல்பட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தார். அவருடைய மகனுக்கும் இதே நோய். "இங்க நெசமாவே கோதும அரைக்கிறதில்லையாண்ணே?" என்று பலகையைக் காட்டிக் கேட்டார். அப்பா அவருடைய அரிசியை வாங்கிக்கொள்வதற்கு முன் இயந்திரத்தின் மூடியைத் திறந்து காட்டினார். அப்படி வந்த குடும்பங்கள் பின்னர் ஆறு ஆயின. அவர்களுக்குக் கேழ்வரகும் கம்பும் முதல் ஆளாகக் காலையில் அரைத்துக் கொடுத்தார்.

கல்யாணங்களுக்கு அம்மா வருவதை விட்டுவிட்டார். கல்யாண வீடுகளில் தங்கைக்குப் பந்தியில் இடம் இருக்காது. சாம்பார்ப் பொடியில், பெருங்காயத்தில், எதில் கோதுமை மாவு கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. வீட்டிலிருந்து கேரியரில் சோறு வரும். அப்பாவும் தனக்கு ஒரு கேரியர் எடுத்துக்கொண்டு அவளோடு மண்டபத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவார். மாமல்லபுரத்தில் ஒரு திருமணத்தில் மாப்பிள்ளை முறையுள்ள ஒருவர் கேட்டார்: "இன்னா மாமா, எங்க வூட்டுச் சோத்துல வெஷமா கலந்துட்டோம்?"

"உங்க சோறு நல்லாத்தான் கீது மாப்ள. வாசன வருது பாரு. இவ தனியா துன்னக் கூடாதுல்ல, அதான்."

பதினெட்டு ஆண்டுகள் அவர் எந்தக் கல்யாணத்திலும் பந்தியில் உட்காரவில்லை. தன் சொந்தத் தம்பியின் மகன் திருமணம் உட்பட.

தங்கை படித்து, சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்தாள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டி வரும். வாரந்தோறும் எடை பார்ப்பது மாதம் ஒருமுறை, முதல் ஞாயிறு என்று மாறியது. "எனக்கு இருபத்தாறு வயசுப்பா, ஆபிசுல சொன்னா சிரிப்பாங்க," என்பாள். "ஆபிசுல ஏன் சொல்ற?" என்பார். அவளும் ஏறி நிற்பாள். மில்லுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த ஒரு சுவரை மட்டும் தொடக் கூடாது என்று ஆட்களிடம் சொல்லிவிடுவார்.

கடைசி இரண்டு ஆண்டுகள் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. பல ஆண்டுத் தூசி நுரையீரலில் இறங்கியிருப்பதாக மருத்துவர் சொன்னார். மில்லை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, உதவிக்கு ஒரு ஆளும் வைத்தோம். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரும் மாவை நாக்கில் வைத்துப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. அவர் இறந்த நாள் அந்த மாதத்தின் முதல் ஞாயிறு.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். நோய்க்குப் பெயர் சொன்ன மருத்துவருக்கு நன்றி. ஏழு வாரத்தில் எங்களுக்கு உண்மையைக் காட்டிய அத்தைக்கு நன்றி. பெருங்காய டப்பாவின் சிறிய எழுத்தைப் படித்து, இதில் கோதுமை மாவு இருக்கிறது என்று அம்மாவிடம் முதலில் சொன்ன எதிர்வீட்டு அக்காவுக்கு நன்றி. லோடு வண்டி கொடுத்த நண்பருக்கு நன்றி. அப்பாவின் இறுதி ஊர்வலத்தில் அவர்தான் முன்னால் நடந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமைத்தவருக்குத் தனியே நன்றி. "பெருங்காயம் இல்லாத சாம்பாரா? ஜனங்க என்னியத்தான் திட்டும்," என்று முதலில் சொன்னவர், காரணம் கேட்டபின் தன் பாத்திரங்களை மூன்று முறை துலக்கி, பூண்டும் சீரகமும் கூட்டி, எங்கள் மில்லில் அரைத்த பொடியிலேயே எல்லாவற்றையும் செய்தார். அன்று தங்கை முதல் பந்தியில், உறவினர்களோடு, வாழை இலையில் சாப்பிட்டாள். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தார். மீன் வண்டிக்காரர் இரண்டு முறை சாம்பார் கேட்டு வாங்கினார்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு அம்மா தராசைத் துடைத்தார். அப்பாவின் கையிலிருந்து எடுத்து வைத்த பென்சில் துண்டு அவரிடம் இருந்தது. தங்கை ஏறி நின்றாள். ஐம்பத்தொரு கிலோ எழுநூறு கிராம்.