நீச்சல் தெரியாத நீச்சல் கோச்

ஆர்ன்ட் ஹாக்லண்டை எங்கள் ஊரில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லோருக்கும் அவர் கோச்தான். இலையுதிர் காலத்தில் ஃபுட்பால், பனிக்காலத்தில் கூடைப்பந்து, வசந்தத்தில் பேஸ்பாலும் ஓட்டப் பந்தயமும். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் எங்கள் கல்லூரி சிறியது. எல்லா ஆட்டத்துக்கும் அவர் ஒருவரே. நான் அங்கே முப்பத்தொரு வருடம் நர்ஸ். என் நோயாளிகளில் பாதிப்பேர் அவர் அனுப்பியவர்கள்.

1906இல் பண்ணையிலிருந்து படிக்க வந்தார். தோள் அகலத்தைப் பார்த்து அன்றே ஃபுட்பாலில் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த வசந்தத்தில் பேஸ்பால் அணியில் பந்து பிடிப்பவர், அதற்கடுத்து தடகளத்தில் சம்மட்டி எறிபவர். நான்காம் வருடம் பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போய்விட, "நீயே பார்த்துக்கொள்" என்றார்கள். அந்த வருடம் தானே ஆடி, தானே பயிற்சியும் கொடுத்தார். பிறகு வேலையை விடவே இல்லை.

1926இல் உடற்பயிற்சிக் கூடத்துக்குக் கீழே நீச்சல் குளம் கட்டினார்கள். அதற்கும் வேறு ஆள் இல்லை. ஒரு புத்தகம் வாங்கிப் படித்தார்; ஸ்டாப்வாட்சோடு விளிம்பில் நின்று கத்தினார். அவருடைய பையன்கள் மூன்று முறை கோப்பை வாங்கினார்கள்.

1937 பிப்ரவரியில் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். முழங்கால் வலி என்று நினைத்தேன்.

"நர்சம்மா, உங்களுக்கு நீச்சல் சொல்லித்தரத் தெரியும்ல?"

"செஞ்சிலுவைச் சங்கத்துல சர்டிஃபிகேட் வாங்கியிருக்கேன். யாருக்கு?"

"எனக்கு."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

புதிதாக வந்த கல்லூரித் தலைவர், பட்டம் இல்லாதவர்கள் செப்டம்பர் முதல் வேலையில் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அலுவலகத்தில் கோச்சின் பழைய ஏட்டைப் புரட்டினார்கள். எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தார். நீச்சல் தேர்வுக்கான கட்டம் மட்டும் காலி. எங்கள் கல்லூரியில் ஐம்பது கெஜம் நீந்தாமல் பட்டம் கிடையாது. அவர் காலத்தில் ஆற்றில் வைப்பார்கள். தேர்வன்று பேஸ்பால் அணியோடு வெளியூர் போயிருந்தாராம். அப்படியே விட்டுப்போனது.

"வேணும்னுதான் போனேன். தண்ணியில கல்லு மாதிரி முழுகிடுவேன்" என்றார்.

"நீச்சல் தேர்வுல தேறினா கார்டுல கையெழுத்துப் போடுறது யாரு?"

"நான்தான்."

"அப்ப உங்க கார்டுலயும் போட்டுக்க வேண்டியதுதானே? யாரு கேக்கப் போறா?"

"நடுவுல தரையில கால் ஊன்றினான்னு எத்தனை பசங்கள ஃபெயிலாக்கியிருக்கேன் தெரியுமா? நல்லாச் சொன்னீங்க, போங்க!"

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். பயந்த மனிதரைத் தண்ணீரில் மிதக்கவைப்பதும், அறுவை சிகிச்சைக்குப் பின் ஒருவரைக் கட்டிலிலிருந்து இறக்குவதும் ஒரே வேலைதான். முதுகுக்குக் கீழே ஒரு கை. கையை எடுக்கும்போது சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். ஏமாற்றினால் மறுபடி நம்பமாட்டார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் மிதந்தார்.

"கால உதைங்க! இடுப்புலேருந்து! முழங்காலுலேருந்து இல்ல!" என்று கத்துவேன்.

"அது நான் பசங்களுக்குச் சொல்றது!"

"தெரியுதுல்ல? அப்ப செய்யுங்க."

மே மாதம் தேர்வு. சர்டிஃபிகேட் இருந்ததால் கார்டில் கையெழுத்துப் போட வேண்டியது நான். இந்தத் தேர்வை மூடிய கதவுக்குள் நடத்தக்கூடாது என்பது அவரே போட்ட விதி. குளக்கரைக்கு வந்தால், நீச்சல் அணி முழுவதும் நிற்கிறது. கோச்சின் முகம் வெளுத்துவிட்டது.

"உங்களுக்கு யார்டா சொன்னது?"

அணித் தலைவன் ராய் செல்னர் தலையைச் சொறிந்தான். "எல்லாருக்கும் தெரியும் கோச். பதினோரு வருஷமா உங்க ஷூ நனைஞ்சதே இல்லையே. நீங்க வழுக்கி விழுந்தா யாரு குதிக்கணும்னு வருஷா வருஷம் சீட்டு எடுப்போம். இந்த வருஷம் நான்."

"ஒருத்தனும் வாயத் திறக்கல?"

"நீங்க சொன்னபடி நீந்தினா ஜெயிக்கிறோம். அப்புறம் என்ன கோச்?"

அவர் தண்ணீரில் இறங்கினார். இருபத்தைந்து கெஜக் குளத்தில் ஒரு நீளம் போய்த் திரும்பினார். பாதி வழியில் தடுமாறினார். ஆனாலும் வந்து சுவரைத் தொட்டார். பையன்கள் கூச்சலிட்டார்கள். நான் பேனாவை எடுத்துவிட்டேன்.

கோச் கையை உயர்த்தினார். "கால் ஊன்றிட்டேன்."

"நான் பாக்கல" என்றேன். உண்மையில் நான் பார்க்கவில்லை.

"யாருமே பாக்கல கோச்! வெளிய வாங்க!" என்றான் ராய்.

"நான் ஊன்றினது எனக்குத் தெரியாதா? தள்ளுங்கடா."

நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நூற்று முப்பது. பத்து நிமிடம் உட்காரவைத்தேன். ஐம்பது வயதுக்காரரை அன்று வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் மறுநாள் பட்டம் பெறுவோர் பட்டியலை மூடிவிடுவார்கள். அனுப்பியிருந்தாலும் அவர் போயிருக்கமாட்டார்.

இரண்டாம் முறை மிக மெதுவாகப் போனார். ராய் கரையோரமாகக் கூடவே நடந்தான். பாதி வழி வந்ததும் எல்லோரும் சேர்ந்து, "இடுப்புலேருந்து!" என்று கத்தினார்கள். இந்த முறை நான் அவர் காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊன்றவில்லை. சுவரைத் தொட்டார். கார்டில் கையெழுத்துப் போட்டேன். அது நனைந்து மை பரவிவிட்டது. அலுவலகத்தில் அப்படியே வாங்கிக்கொண்டார்கள்.

செப்டம்பரில் வேலை அவரிடமே இருந்தது. அந்த வருடத்திலிருந்து விளிம்பில் நிற்பதை விட்டுவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கத்தினார். கிறிஸ்துமஸுக்குள் மூன்று முறை சளி பிடித்து என்னிடம் வந்தார். மூன்று முறையும் தலையைத் துவட்டாமல்.