கறுப்புக் கவர் வேண்டாம் என்றேன்

இன்று பொன்னேரி மெடிக்கலில் எனக்கு முன்னால் கம்பெனிச் சீருடையில் ஒரு பெண், துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். கடைக்காரருக்குக் கேட்கவில்லை. அவள் தலைகுனிந்து ஒதுங்கிவிட்டாள்.

நான் வகுப்பறைக் குரலில் கேட்டேன்: "எனக்கு உதட்டுல ஹெர்பிஸ் கொப்புளம். லைசின் மாத்திரை கொடுப்பா."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா டீச்சர், மெதுவா சொல்லக் கூடாதா?" என்றபடி கடைக்காரர் மாத்திரையைக் கறுப்புக் கவரில் போட்டார்.

"ஜலதோஷ மாத்திரையை இதிலயா போடுவே? ஜலதோஷமும் ஒட்டிக்கிற வைரஸ்தான். கவர் வேண்டாம்."

அந்தப் பெண் துப்பட்டாவை இறக்கினாள். அவள் உதட்டிலும் கொப்புளம்.

"அண்ணா, எனக்கும் அதே குடு. கவர் வாணாம்."

"இந்த மாத்திரை எல்லாருக்கும் கேக்காதும்மா, டாக்டரையும் பாரு" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

உங்கள் ஊர் மெடிக்கலில் எதற்கெல்லாம் கறுப்புக் கவர்?