மூடி வைத்த மூன்று சீட்டு

எனக்கு மூளை கொஞ்சம் கம்மி என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து வருத்தப்பட வேண்டாம். சீட்டாட்டத்தில் எதிராளி பயந்து சீட்டைக் கீழே போட்டுவிட்டால், ஜெயித்தவன் வாயை மூடிக்கொண்டு தன் சீட்டையும் கட்டோடு சேர்த்துவிடுவான். உலகம் முழுக்க அதுதான் வழக்கம். நானோ, யாரும் கேட்காமலேயே என் சீட்டைத் திருப்பிக் காட்டி, "பாத்தீங்களா, ஒண்ணுமே இல்லாம ஜெயிச்சேன்" என்று குதிக்கிறவன். அப்படிக் குதித்த மறுநாள் எல்லாரும் சேர்ந்து என்னை வழித்தெடுப்பார்கள். அதற்கடுத்த நாள் மறுபடியும் குதிப்பேன். அப்படி நான் குதித்ததிலேயே பெரிய குதிப்பு, கம்பெனி பஸ்ஸின் கடைசி நீள இருக்கையில், ஒரு ஷூ பெட்டியின் மூடிக்கு முன்னால் நடந்தது. அந்த மூடியின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவரைப் பற்றித்தான் எழுத வந்தேன். என்னைப் பற்றி எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் விடமாட்டேன்.

ஆம்பூரைத் தாண்டியிருந்த ஷூ கம்பெனி அது. சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்தால் மாதனூர் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு பஸ். முன்பாதியில் தையல் செக்‌ஷன் பெண்கள்; பின்பாதியில் கட்டிங் செக்‌ஷன் ஆண்கள். பெண்கள் பூ தொடுப்பார்கள், தூங்குவார்கள், எங்களைத் திட்டுவார்கள். நாங்கள் சீட்டாடுவோம். காசு வைத்து ஆடினால் பஸ்ஸை விட்டே இறக்கிவிடுவதாக டிரைவர் அண்ணன் சத்தியம் செய்திருந்ததால் எங்களுக்கு ஐலெட்தான் காசு. ஷூவில் லேஸ் நுழையும் ஓட்டையைச் சுற்றிப் போடுவார்களே, சின்னப் பித்தளை வளையம், அதுதான். கோணல்மாணலாக வந்ததைக் கூட்டித் தள்ளுவார்கள்; அதில் ஆளுக்கு ஒரு டப்பா. மூடிக்கு விளிம்பு இருப்பதால் டிரைவர் அண்ணன் எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் ஐலெட் உருண்டு ஓடாது. நாங்கள்தான் உருளுவோம்.

ஆட்டம் மூணு சீட்டு. ஆளுக்கு மூன்று சீட்டு வரும். கை நன்றாக இருக்கிறதென்று நினைக்கிறவன் ஐலெட்டை ஏற்றிக்கொண்டே போவான். பயந்தவன் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு விலகிவிடுவான். கடைசியில் ஒருவன் மட்டும் மிஞ்சினால் அவனுக்கே எல்லாம். விலகியவன் கையில் ராஜா இருந்ததா கூஜா இருந்ததா என்று கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. அவனாகப் பார்த்துக் காட்டினால் உண்டு.

வெறும் ஐலெட்டுக்காக யாரும் அப்படி வேர்த்து விறுவிறுத்து ஆடமாட்டார்கள். நாங்கள் ஆடியது லீவுக்கு. கப்பலில் ஏற்ற வேண்டிய சரக்கு நெருக்கினால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அந்த மாதிரி வாரங்களில் சூப்பர்வைசர் வந்து, "கட்டிங்ல ஒருத்தன் வேணா நின்னுக்கலாம். எவன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. என்னைப் பேஜார் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆரம்பத்தில் அவரவர் காரணத்தைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம். ஒருவன் ஒரே பெரியப்பாவை மூன்று முறை சாகடித்தான். இன்னொருவன் தன் பிள்ளைக்கு இரண்டு முறை காது குத்தினான். இவன் காரணம் பெரிதா, அவன் காரணம் பெரிதா என்று சண்டை கைகலப்பு வரைக்கும் போனபோது, முன்சீட்டிலிருந்து தையல் அக்கா ஒருவர் எழுந்து வந்து தீர்ப்புச் சொன்னார். "ஒருத்தனும் காரணம் சொல்லக் கூடாது. சொன்னா ஆட்டத்துல கிடையாது. சீட்டு யாருக்கு விழுதோ அவன் போவட்டும்." அன்றிலிருந்து அதுவே எங்கள் சட்டம். சனிக்கிழமை சாயங்காலம் மூடி விரியும்; ஒரே ஆட்டம், ஜெயித்தவனுக்கு லீவு. மாதனூர் வருவதற்குள் லீவு யாருக்கு என்று தெரிந்துவிடும்.

எதிரே உட்கார்ந்திருந்தவரை நாங்கள் பிரஸ் அண்ணன் என்போம். தோலை வெட்டும் பிரஸ் மெஷினில் நின்றவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். பேச்சு ரொம்பக் கம்மி. சீட்டு வந்தால் ஒரே ஒரு முறை எடுத்துப் பார்ப்பார். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துக்கொள்வார். முகம், மழை வருமா வராதா என்று சொல்லாத வானம். ஜெயித்தாலும் காட்டமாட்டார், தோற்றாலும் காட்டமாட்டார். "அண்ணே, இன்னா வெச்சிருந்தே, சொல்லேன்" என்று நாங்கள் கெஞ்சுவோம். அவர் ஜன்னல் வழியே பாலாற்று மணலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

என் முகம் வேறு ரகம். ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில்கூடச் சில விஷயங்கள் விட்டுப்போகும். என் முகத்தில் எதுவும் விட்டுப்போகாது. நல்ல சீட்டு வந்தால் ஊமையாகிவிடுவேன். மோசமான சீட்டு வந்தால் ஜோக்கடிக்க ஆரம்பித்துவிடுவேன். சீட்டு எவ்வளவு மோசமோ அவ்வளவு ஜோக். இது எனக்குத் தெரியாது; பஸ்ஸில் மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பூ தொடுக்கிற பெண்கள்கூடத் திரும்பிப் பார்க்காமலேயே, "அவன் கையில ஒண்ணுமில்ல, ரொம்பப் பேசறான்" என்பார்களாம்.

நான் சொல்லும் அந்தச் சனிக்கிழமையன்று, காரணம் சொல்லக் கூடாது என்ற சட்டம் எனக்கு மட்டும் செல்லாக்காசாகியிருந்தது. ஏனென்றால் ஞாயிறு வேலை என்று தெரிவதற்கு முன்பே, அந்த வாரம் முழுக்க நானே ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தேன். அரக்கோணத்தில் பெண் பார்க்கப் போக வேண்டும். இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் ஞாயிறு வேலை வந்து, நான் போகவில்லை. பெண்ணின் அப்பா ரயில்வேக்காரர். நேரம் தவறினால் அவருக்குப் பிடிக்காது. "இந்த ஞாயித்துக்கெழமையும் வரலன்னா வேற எடம் பாத்துக்கறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். போட்டோவில் பார்த்த அந்த முகத்துக்காக நான் ஒரு புதுச் சட்டையும் எடுத்து வைத்திருந்தேன். ஆட்டம் தொடங்கும் முன்பே ஒருத்தன், "மாப்ள, சட்டைய வித்துடு" என்றான்.

அன்று மூடியைச் சுற்றி ஆறு பேர். எனக்கு வந்தது இஸ்பேட் ஒன்பது, ஆட்டின் ஏழு, டைமன் மூணு. அதைவிடக் கேவலமான கை அமைய வேண்டுமென்றால் சீட்டுக் கட்டையே புதிதாக அச்சடிக்க வேண்டும். என்ன செய்வேன்? ஜோக்கடித்தேன். டிரைவர் அண்ணனைப் பற்றி, சூப்பர்வைசரைப் பற்றி, அரக்கோணத்து மாமனாரைப் பற்றி, என் புதுச் சட்டையைப் பற்றி. ஜோக்குக்கு ஒரு பிடி ஐலெட் மூடியில் போட்டேன். கையில் சுமாராக மட்டும் இருந்த மூன்று பேர், பிரஸ் அண்ணனும் விடாமல் ஐலெட் போடுவதைப் பார்த்து, எதற்கு வம்பு என்று விலகினார்கள். நான்காமவன் ஒரு சுற்று தாக்குப்பிடித்து, பிறகு என் வாய் தாங்காமல் கவிழ்த்துவிட்டான். மிஞ்சியது நானும் பிரஸ் அண்ணனும்.

அவர் உள்ளங்கை சீட்டின்மேல் இருந்தது. நான் மீதியிருந்த ஐலெட் எல்லாவற்றையும் மூடியில் கொட்டினேன். "அண்ணே, இதுக்கு மேல வேணும்னா என் சட்டையதான் வெக்கணும்" என்றேன். முன்சீட்டு அக்கா சத்தமாகச் சிரித்தார். "அண்ணே, உடாதே. அவன் கையில சுத்தமா ஒண்ணும் இல்ல. தொணதொணன்னு பேசறான் பாரு." பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்குக் காது சூடாகிவிட்டது. அண்ணன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். தோலில் எங்கே கீறல் இருக்கிறது, எங்கே வெட்டினால் தப்பும் என்று மேஜைமேல் விரித்துப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. இன்னொரு பிடி ஐலெட் எடுத்தார். மூடிக்கு மேலே கொண்டுவந்தார். பிறகு கையை இழுத்துக்கொண்டு, மூன்று சீட்டையும் கவிழ்த்தபடியே கட்டுக்குள் செருகினார்.

"போய்ட்டு வாடா" என்றார். அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். துள்ளி எழுந்து, பஸ்ஸின் கூரையில் மண்டை இடிக்க, ஒன்பது, ஏழு, மூணு மூன்றையும் எல்லாரும் பார்க்கும்படி விசிறி போலப் பிடித்தேன். "பாருங்க! பாருங்கய்யா! ஒண்ணுமே இல்ல!" பஸ் ஊளையிட்டது. "அண்ணே, இவன் கிட்டயா ஏமாந்தே? இன்னா வெச்சிருந்தே, காட்டு" என்று பக்கத்திலிருந்தவன் கட்டைப் பிடுங்கப் போனான். அண்ணன் அதற்குள் கட்டைக் கலைத்து முடித்திருந்தார். அத்தனை பேர் முன்னாலும் ஏமாந்தவராக உட்கார்ந்து, தன் ஊர் வந்ததும் டிபன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஞாயிறு நான் அரக்கோணம் போனேன். புதுச் சட்டையில் காப்பி கொட்டியது. அதைப் பார்த்துப் பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எல்லாம் முடிவாகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் சந்தோஷமாகப் பஸ்ஸில் ஏறியவனை டிரைவர் அண்ணன் பேனட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார். "டேய், நேத்து பிரஸ்காரரு பொண்ணுக்குப் புது நன்மைடா. தெரியுமா உனக்கு?" புது நன்மை என்றால் கிறிஸ்தவப் பிள்ளைகள் கோயிலில் முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்குவது. வாழ்க்கையில் ஒருமுறைதான். காலைப் பூசையில் மற்ற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அப்பா, அம்மா இரண்டு பேரும் நின்றிருக்கிறார்கள். இந்தப் பிள்ளைக்கு அம்மா மட்டும். அப்பா ஆம்பூரில் தோல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கும் தெரியாதுடா" என்றார் டிரைவர். "சாயங்காலம் அவரு ஊர்ல வண்டிய நிறுத்தறேன். ரோட்டோரம் அந்தப் பொண்ணு நிக்குது. வெள்ளை கவுனு, தலையில பூ கிரீடம், கையில மெழுகுவத்தி. காலையிலேர்ந்து அவுக்கவே மாட்டேன்னுச்சாம், அப்பா பாக்கணும்னு." அவர் எஞ்சினை அணைத்துவிட்டாராம். முன்சீட்டு அக்கா முதல் ஆளாக இறங்கினாராம். பிறகு பஸ்ஸே இறங்கி நின்றதாம். இந்துப் பெண்கள் நெட்டி முறித்தார்களாம். ஒருத்தி தன் தலையிலிருந்த பூவை எடுத்துக் கொடுத்தாளாம். அண்ணன் மட்டும் டிபன் பையைக் கீழே வைக்கக்கூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாராம்.

அண்ணன் அன்று விடியலிலேயே வேலைக்குப் போய்விட்டிருந்தார்; கம்பெனி வந்ததும் நான் நேராகப் பிரஸ் மெஷினுக்கு ஓடினேன். "அண்ணே, ஏன்ணே சொல்லல?" மெஷின் சத்தத்தில் இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது. அவர் தோலைத் திருப்பிப் போட்டார். "பொண்ணு புடிச்சுதா?" "புடிச்சுதுண்ணே." "அப்ப போய் வேலையப் பாரு."

அன்றிலிருந்து அந்த மூன்று சீட்டு என்னைத் தூங்கவிட்டதில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். பொய். நான் நன்றாகத் தூங்குகிறவன். ஆனால் விழித்திருக்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். நான் ஒன்றுமில்லாமல் உளறுகிறேன் என்று பஸ்ஸில் பூ தொடுக்கிறவர்களுக்கே தெரியும்போது, தோலின் உள்கீறலைப் பார்க்கிறவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான் கவிழ்த்தார் என்றால், அவர் கையில் என்ன இருந்தது? மூன்று ராஜாவைக் காட்டியிருந்தால் நான் ஆயுசுக்கும் அவர் காலடியில் கிடக்க வேண்டியவன். பெண் பார்த்தது அவர் போட்ட பிச்சையாகியிருக்கும். ஒருவேளை உண்மையிலேயே என்னைவிட மோசமான சீட்டுதானோ? அப்படியென்றாலும், அதைக் காட்டியிருந்தால் ஏமாந்தவர் என்ற பெயராவது போயிருக்கும். இரண்டையும் அவர் செய்யவில்லை. ஒன்றும் காட்டாததால்தான் நான் ஜெயித்தவனாகவே மணமேடை ஏறினேன். மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் விலகியிருப்பேன் என்று நம்ப ஆசைப்படுகிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் போட்டோ அப்படி. என்னையும் அந்தச் சோதனையில் நிறுத்தாமல் விட்டார். கேவலம் மூன்று அட்டைத் துண்டை இத்தனை வருஷம் ஒரு மனிதன் மூடியே வைத்திருக்க முடியுமா? காலையில் சாப்பிட்ட இட்லியின் எண்ணிக்கையைக்கூட மறைக்கத் தெரியாத எனக்கு அது மலையைத் தூக்குகிற வித்தையாகப் படுகிறது.

என் மனைவியிடம் கேட்டேன். "அவரு கையில இன்னா இருந்துச்சோ எனக்குத் தெரியாது. உங்க கையில இருந்தது தெரியும். ஒண்ணும் இல்ல. இன்னிக்கும் அதேதான்" என்றாள். ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டுக்குப் புடவை எடுக்க எனக்கு முன்னால் கிளம்புகிறவள் அவள்தான்.

போன மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். நர்ஸ் வேலை பார்க்கிறாள். வெள்ளைப் புடவையில் கோயிலுக்குள் அவள் நடந்து வர, அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மழை வருமா என்று சொல்லாத அந்த முகத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கவுமில்லை, திருப்பிக்கொள்ளவுமில்லை. இப்படி ஒரு முகம் அவரிடம் இருந்ததா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஜோக் ஒன்றும் வரவில்லை.

மண்டபத்தில் பிரியாணிப் பந்தி முடிந்து, கூட்டம் கலைந்து, அவர் தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு விட்டால் என்றைக்கும் இல்லை என்று தோன்றியது. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "அண்ணே, தப்பா நெனச்சிக்காதே. அன்னிக்குப் பஸ்ல, எனக்கு லீவு உட்டியே, அந்த ஆட்டத்துல உன் கையில இன்னா இருந்துச்சு?"

அவர் தலையைத் திருப்பி, அங்கே பிள்ளைகளுக்குப் பாயசம் ஊட்டிக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன்டா, வூட்ல எதுனா சண்டையா?"