கிளினிக் நாளில் வாரிய தலை

முள்ளியவளையில் என்னோடு இருக்கும் தங்கைக்கு, போரில் இடம்பெயர்ந்து திரும்பிய பிறகு நித்திரையும் இல்லை, சாப்பாடும் இல்லை. மனநோய் வைத்தியர் மாதத்தில் ஒருநாள்தான் வெளி மாவட்டத்திலிருந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வருவார். முதல் மாதம் எங்கள் முறை வருமுன்னரே அவர் புறப்பட்டுவிட்டார்.

அடுத்த மாதம் அவளை முழுக வார்த்து, எண்ணெய் வைத்துத் தலை வாரி, கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிவிட்டுக் கூட்டிச் சென்றேன். வரிசையில் எங்கள் ஊர்ச்சனமும் நின்றது. “டொக்டர் கேட்டால் நல்லாயிருக்கிறன் எண்டு மரியாதையாச் சொல்லு. கண்டபடி கதையாதை” என்றேன். அவளும் அப்படியே சொன்னாள். “அடுத்த மாதம் வந்து காட்டுங்கோ” என்று வைத்தியர் அனுப்பிவிட்டார்.

பஸ் தரிப்பில் நிற்கும்போது அவள் கேட்டாள்: “அக்கா, கிணத்தைக் கண்டால் விழவேணும்போல கிடக்கு. இதையும் அடுத்த மாதமோ சொல்லுறது?”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு திரும்ப ஓடினேன். வாகனத்தில் ஏறப்போன வைத்தியர் திரும்பி வந்து, அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அன்றே அவளை வார்ட்டில் சேர்த்தார்கள்.

இப்போதெல்லாம் கிளினிக் நாளில் அவள் எழும்பிய கோலத்திலேயே கூட்டிப் போகிறேன். உள்ளே நான் வாய் திறப்பதில்லை. போன மாதம் புறப்படும் நேரம் பார்த்தால், அவளே தலை வாரிக்கொண்டு வாசல் படலையடியில் நிற்கிறாள்.