சிங்கப் படம் போட்ட போத்தல்

பியரைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்கலாம். நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். ஆனால் ஒன்பது வருஷம் பாங்கொக்கில் இருந்து பியர் குடித்தவன். அதற்குப் பிறகு சிட்னியில் பியர் ஊற்றிக் கொடுத்தவன். எழுபதுகளின் கடைசியில் சிட்னியில் எனக்குத் தெரிந்த தமிழர்களில் இந்த இரண்டையும் செய்தவர் வேறு யாரும் இல்லை. குடிக்கிறவர்கள் இருந்தார்கள். குடிக்காமலே பியரைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறவர்கள் அதைவிடக் கூட இருந்தார்கள்.

பாங்கொக்கில் இலங்கை இரத்தினக்கல் வியாபாரி ஒருவரின் கடையில் எனக்குச் சரக்கறை வேலை. பின்னேரம் கடை பூட்டியதும் நானும் கடையில் வேலை செய்த இரண்டு தாய்லாந்துக்காரரும் தெருவோர மேசையில் போய் இருப்போம். சிங்கப் படம் போட்ட பெரிய போத்தல் ஒன்று வரும். கூடவே ஒரு வாளியில் உடைத்த ஐஸ் வரும். அந்த ஊரில் பியருக்குள் ஐஸ் போட்டுத்தான் குடிப்பார்கள். முதல் நாள் எனக்கும் அது பிழையாகத்தான் பட்டது. பிறகு விளங்கியது. அந்தப் பியர் கசப்பானது, கனமானது, ஈர வைக்கோல் போல ஒரு மணம் உள்ளது. அந்த வெக்கையில், அந்த மிளகாய் உறைப்போடு, ஐஸ் உருக உருகக் குடிக்கவென்றே செய்தது போல இருக்கும்.

என் தங்கச்சி சிட்னியில் கல்யாணம் முடித்து இருந்தாள். அவள்தான் என்னைக் கூப்பிட்டாள். அவள் புருஷன், என் மச்சான், எஞ்சினியர். என் படிப்புக்கு அங்கே மேசையில் இருந்து செய்கிற கந்தோர் வேலை கிடைக்காது என்று எனக்கே தெரியும். தாய்லாந்துப் பாஷை தெரிந்தபடியால் ஒரு தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற வேலை கிடைத்தது. கடைக்காரி என்னைவிட மூத்தவர். அவரை அவர்கள் பாஷையிலேயே அக்கா முறை சொல்லிக் கூப்பிடுவேன்.

இரண்டு வருஷம் கழுவினேன். சுடுதண்ணீரும் சவர்க்காரத் தூளும் சேர்ந்து விரல் மூட்டுகளில் தோல் வெடித்துவிட்டது. இரவில் தேங்காய் எண்ணெய் பூசிப் படுப்பேன், காலையில் திரும்ப வெடிக்கும். கை ஈரம்படாமல் இருந்தால் ஒழிய இது மாறாது என்று டொக்டர் சொன்னார். கோப்பை கழுவுகிறவன் கை ஈரம்படாமல் இருப்பது எப்படி?

அந்த நேரத்தில்தான் கடைக்கு மதுபானம் விற்க லைசென்ஸ் கிடைத்தது. அதுவரை சாப்பிட வருகிறவர்கள் தங்கள் போத்தலைத் தாங்களே கொண்டு வருவார்கள். கடைக்கார அக்கா என்னைக் கூப்பிட்டு, "உனக்குப் பியர் தெரியும். என்னென்ன எடுக்கலாம் என்று சொல். ஒரு மாதம் முன்னுக்கு நின்று கொடுத்துப் பார். சரியாக வந்தால் அந்த இடம் உனக்கு. வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிட்டு நீ திரும்பக் குசினிக்குள் கோப்பை கழுவப் போ" என்றார். நான் கூச்ச சுபாவம் உள்ளவன். ஆனாலும் என் கைகளைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தேன்.

அந்த மாதம் நான் பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது. முதல் தடவையாக ஒருவர் என்னிடம் ஒரு விஷயத்தில் அபிப்பிராயம் கேட்டிருந்தார். ஒவ்வொரு பியரையும் கடைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்துப் பார்த்தேன். ஒல்லாந்துப் பச்சைப் போத்தல் பார்க்க வடிவு, ஆனால் வெளிச்சம் பட்டால் கெட்ட மணம் வந்துவிடும். டென்மார்க் பியர் சுத்தமானது, ஆனால் உறைப்புக் கறியின் முன்னால் தண்ணீராகப் போய்விடும். ஜேர்மன் பியர் பாணோடும் இறைச்சியோடும் நல்லது, மீன் சோஸோடு சண்டை பிடிக்கும். ஜப்பான் பியர் ஒழுங்கான பியர், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஒஸ்ரேலியப் பியர் முதல் மிடறு வெகு திறம், கிளாஸில் பத்து நிமிஷம் இருந்தால் வாயில் வைக்க ஏலாது. எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுக்கச் சொன்னேன். சிங்கப் படம் போட்டதைக் கூடுதலாக எடுக்கச் சொன்னேன். வெள்ளைக்காரர் முதலில் முகம் சுளித்தார்கள். உறைப்புச் சாலட்டில் ஒரு வாய் வைத்த பிறகு அதையே கேட்டார்கள்.

இரண்டாம் கிழமை தங்கச்சி ரெலிபோன் எடுத்தாள்.

"அண்ணை, நீங்கள் கடையில முன்னுக்கு நிண்டு சாராயம் விக்கிறியளாம்."

"சாராயம் இல்லையம்மா, பியர்."

"எல்லாம் ஒண்டுதான். இவருக்கு வெக்கமாக் கிடக்காம். தவறணைக்காரன் மாதிரி எண்டு ஆக்கள் கதைக்கினமாம்."

"இவ்வளவு நாளும் எச்சில் கோப்பை கழுவினனான். அது வெக்கமில்லையோ?"

"அது உள்ளுக்குத்தானே அண்ணை. ஆர் கண்டது?"

ரெலிபோனை வைத்த பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஊரில் கள்ளு விற்கிற தவறணையைப் பற்றி எப்படிப் பேசுவார்களோ அதே பேச்சு ஒரு குறையுமில்லாமல் கப்பலேறி வந்திருந்தது. குடிக்கிறவர் டொக்டர், எஞ்சினியர். அவர் மரியாதையான ஆள். அவருக்கு ஊற்றிக் கொடுக்கிறவனைத்தான் மறைத்து வைக்க வேண்டுமாம்.

மாதம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது, ஒரு ஞாயிறு மத்தியானம், மச்சான் நாலு சிநேகிதரோடு கடைக்கு வந்தார். ஒரு டொக்டர், ஒரு கணக்காளர், இரண்டு எஞ்சினியர்மார். தங்கச்சி வீட்டு விருந்துகளில் எல்லாரையும் கண்டிருக்கிறேன். அங்கே பின்வளவில் கதிரை போட்டு இருந்து குடிப்பார்கள். கிளாஸ் எடுத்துக் கொடுப்பது நான்தான். நல்ல போத்தல் அவர்கள் பக்கம் நிற்கும். என்னிடம் வரும்போது ஒஸ்ரேலியப் பியராக இருக்கும், அதுவும் இளஞ்சூட்டில்.

நான் மேசைக்குப் போனதும் டொக்டர் கேட்டார். "ஐசே, இம்போட்டட் பியர் ஏதும் இருக்கோ?"

சாப்பாடெல்லாம் உறைப்பாகச் சொல்லியிருந்தார்கள். நான் யோசித்து, சிங்கப் படம் போட்ட போத்தலையும் ஒரு கிண்ணம் ஐஸையும் கொண்டுபோய் வைத்தேன்.

"உதென்ன? நான் கேட்டது இம்போட்டட்."

"இதுவும் பாங்கொக்கில இருந்து கப்பலிலதான் வந்தது" என்றேன்.

"கப்பலில அரிசியும்தான் வருது!" என்றார் எஞ்சினியரில் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"உந்த ஐஸ் என்னத்துக்கு? சர்பத்தோ?" என்று டொக்டர் கேட்டார். திரும்பவும் சிரிப்பு.

"மச்சான், அந்தப் பச்சைப் போத்தலைக் கொண்டாங்கோ. தாய்லாந்துச் சாமான் எல்லாம் இவையள் குடிக்கமாட்டினம்" என்று என் மச்சான் என்னிடம் சொன்னார். அவர் முகம் சிவந்திருந்தது.

எனக்கு வந்த கோபம் இன்றும் அப்படியே இருக்கிறது. அவர்கள் தாய்லாந்துச் சாப்பாடு சாப்பிட வந்தவர்கள். தாய்லாந்துப் பியர் மட்டும் ஆகாது. ஒருவராவது மூடியைத் திறந்து ஒரு மிடறு குடித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் நான் போத்தலைச் சந்தோஷமாகத் திருப்பிக் கொண்டுபோயிருப்பேன். பிடிப்பதும் பிடிக்காததும் அவரவர் நாக்கு. இவர்கள் நாக்கைக் கேட்கவே இல்லை. வெள்ளைக்காரன் காய்ச்சியது என்றால்தான் அது இறக்குமதி. எங்களைப் போல இருக்கிறவன் காய்ச்சியது எத்தனை கடல் தாண்டி வந்தாலும் வெறும் சாமான். நாங்கள் எல்லாரும் கடல் தாண்டி வந்தவர்கள்தான் என்பது அந்த மேசையில் ஒருவருக்கும் நினைவில் இருக்கவில்லை.

பச்சைப் போத்தல்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். மச்சான் எழும்பிப்போய்க் கல்லாவில் நின்ற கடைக்கார அக்காவோடு இங்கிலிஷில் மெதுவாகக் கதைப்பதைக் கண்டேன். மச்சான் திரும்பி வந்து மேசையில் இருந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டார். தாய்லாந்துப் பாஷையில் கேட்டார்.

"உனக்கு முன்னுக்கு நிற்க விருப்பமில்லையாம். பழையபடி உள்ளே போக ஆசையாம். கேட்கக் கூச்சமாக இருக்கிறதாம். உன் மச்சான் சொல்கிறார். உண்மையா?"

நான் கூச்சப்படுகிறவன் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை எடுத்தே என்னைக் குசினிக்குள் தள்ளப் பார்த்தார் மச்சான். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

கைகளைப் பார்த்தேன். மூன்று கிழமையில் வெடிப்புகள் மூடி, இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்திருந்தது. "இல்லை, நான் இங்கேயே நிற்கிறேன்" என்று அக்காவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த மேசையில் யாருக்கும் அந்தப் பாஷை விளங்காது. அவர்களுக்கு விளங்காத பாஷையில் மறுத்துவிட்டுப் பேசாமல் நிற்பது ஒளித்துக்கொள்வது போல இருந்தது. மேசைக்குப் போனேன்.

"மச்சான், நான் உள்ளுக்குப் போகேல்லை. இந்தக் கை ரெண்டும் இனித் தண்ணிக்குள்ள போகாது. எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு, தெரியவும் தெரியும். வேற என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ."

டொக்டர் என் கைகளைப் பார்த்துவிட்டுத் தன் தட்டைப் பார்த்தார். தங்கச்சி வீட்டில் அந்தக் கைகளில் இருந்து எத்தனை தரம் கிளாஸ் வாங்கியிருப்பார்! அன்றைக்குத்தான் கண்டார்.

கணக்காளர் தன் கிளாஸை என் பக்கம் தள்ளினார். "அண்ணை, எனக்கு அந்தச் சிங்கத்தில ஒண்டு தாங்கோ. ஐஸும் போடுங்கோ, பாப்பம்."

ஊற்றிக் கொடுத்தேன். பாதி குடித்தார். "சரியாக் கைக்குதண்ணை, எனக்குச் சரிவராது" என்று சொல்லி மிச்சத்தை வைத்துவிட்டார். எனக்கு ஒரு கவலையும் வரவில்லை. குடித்துப் பார்த்துவிட்டுச் சொன்ன ஒரே மனுஷன் அவர்தான்.

அடுத்த கிழமை, மாதம் முடிந்ததும், அக்கா பியர் வைக்கிற குளிர்ப்பெட்டிச் சாவியை என்னிடம் தந்துவிட்டார். தங்கச்சி இரண்டு மாதம் ரெலிபோன் எடுக்கவில்லை.

அன்று அந்த மேசையில் மச்சான் மட்டும் அதற்குப் பிறகு பியர் கேட்கவில்லை. தண்ணீர் போதும் என்றார். அதையும் நான்தான் ஊற்றிக் கொடுத்தேன்.